ஷைனர் ரைட் துடைக்காமல் விட்ட மணி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய்யைச் சொன்னவன் நான். இதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் மிச்சத்தையும் நம்பமாட்டீர்கள்.

எங்கள் ஊரில், இங்கிலாந்தின் தென்கரையில், பழைய கடற்படைத் துறை ஒன்று இருக்கிறது. அங்கே மூன்று போர்க்கப்பல்கள் அருங்காட்சியகமாக நிற்கின்றன. செவ்வாயும் வியாழனும் நான் மூன்றாவது கப்பலின் ஏறுபலகையில் நிற்பேன். கையில் எண்ணிக்கைக் கருவி. ஓர் ஆள் ஏறினால் ஓர் அழுத்து. சம்பளம் கிடையாது, தேநீர் உண்டு. முப்பத்தொரு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். மருத்துவமனையில் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்றவன். நீச்சல் தெரியாது. ஆனால் கருநீலக் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு காற்றில் நின்றால் எவனும் மாலுமி மாதிரிதான் தெரிவான்.

மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் சிவப்பு மழைக்கோட்டு போட்ட ஓர் அம்மா ஏறி வந்தார். அறுபது தாண்டிய வயது. பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓர் ஆள்.

"நீங்க நேவியில இருந்தவரா?" என்று கேட்டார் அம்மா.

"இருபத்திரண்டு வருஷம்," என்றேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். எழுதுகிறவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். இந்தக் கப்பலோட மணி எங்க? அதுக்குள்ள என் பேரு இருக்கு."

2

இப்போது தொடக்கம். மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) "கடல் அன்று சாம்பல் நிறத்தில்" — [வேண்டாம். இங்கே வருடத்தில் முந்நூறு நாள் கடல் சாம்பல் நிறம்தான்.]

(ஆ) "1959-இல் ஒரு போர்க்கப்பலில் ஒரு பெண்குழந்தை வீரிட்டு அழுதது." [பரவாயில்லை. ஆனால் அழுததா? அந்த அம்மாவையே கேட்டேன். "எனக்கு எப்படிங்க தெரியும், நான் கைக்கொழந்த" என்றார்.]

(இ) "தன் பெயரைத் தேடி வந்தவள், தன் பெயர் அழிந்துபோனதை" — [ஐயோ. இந்த வாக்கியத்துக்குக் கண்ணாடி போட்டு, தோளில் சால்வையும் போர்த்திவிடலாம்.]

மூன்றும் தேறவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

கடற்படையில் ஒரு வழக்கம் உண்டு. கப்பலில் வேலை செய்கிறவருக்குக் குழந்தை பிறந்தால் அந்தக் கப்பலிலேயே ஞானஸ்நானம் செய்யலாம். கப்பலின் வெண்கல மணியைக் கழற்றி, மரத்தாங்கியில் தலைகீழாக வைத்து, தண்ணீர் ஊற்றி, பாதிரியார் அதிலிருந்து அள்ளிக் குழந்தையின் தலையில் விடுவார். பிறகு குழந்தையின் பெயரையும் வருடத்தையும் மணியின் உட்புறத்தில் செதுக்குவார்கள். வெளியே கப்பலின் பெயர், உள்ளே பிள்ளைகளின் பெயர்கள். நான் கண்ட கருவிகளில் மிகவும் அன்பானது இதுதான், அதுவும் பீரங்கிகளுக்கு நடுவில்.

எங்கள் கப்பலுக்கு "டன்லின்" என்று பெயர் வைத்திருக்கிறேன்.* மற்ற இரண்டில் ஒன்று மரக்கப்பல், மூன்று பாய்மரம், உலகமே படம் எடுக்கும். இன்னொன்று இரும்பும் புகைபோக்கியும். அவை இரண்டையும் பார்த்து முடித்துக் கால் வலித்த பிறகு ஜனங்கள் எங்களிடம் வருவார்கள், கழிப்பறை எங்கே என்று கேட்க.

* உண்மையான பெயர் வேறு. அலுவலகத்திலிருந்து கடிதம் வரும், எனக்குக் கடிதம் என்றால் பயம். டன்லின் என்பது இங்கே சேற்றில் மூக்கை விட்டுக் கிளறித் திரியும் சின்னப் பறவை. போர்க்கப்பலுக்குப் பறவைப் பெயரா என்று கேட்டால், இவர்கள் அப்படித்தான் வைப்பார்கள்.

3

அந்த அம்மாவின் பெயர் ஹேசல் பட். அப்பா டன்லினில் சமையல்காரர். ஹேசலுக்கு ஏழு வயதானபோது அப்பா கையைப் பிடித்துக் கூட்டிவந்து, மணிக்குள் தலையை விடச்சொல்லி, விளிம்போரத்தில் அவள் பெயரைக் காட்டினாராம். பின்னால் மூச்சு வாங்கியவர் தம்பி கிளைவ். கிளைவ் பிறப்பதற்குள் அப்பாவைக் கரைக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் கிளைவுக்குத் தெருமுனைத் தேவாலயத்தில்தான் ஞானஸ்நானம்.

"இத வெச்சே என்ன ஆயுசு பூரா வறுத்தெடுத்தா," என்றார் கிளைவ் என்னிடம். "நான் போர்க்கப்பல் பொண்ணு, நீ தெருமுனைப் பையன்னு. சைக்கிள் ஓட்டணும்னாலும் அவ மொதல்ல. ஏன்னா அவ போர்க்கப்பலாம்."

"ஆமா, இல்லியா பின்ன?" என்றார் ஹேசல்.

இப்போது ஹேசலின் மகள் டாம்சினுக்குப் பெண்குழந்தை. ஐந்து மாதம். அதற்கும் அதே மணியில் ஞானஸ்நானம் செய்யவேண்டும் என்பது ஹேசலின் ஆசை. வருகிற ஞாயிறு என்று நாளும் குறித்தாகிவிட்டது. கடற்படைப் பாதிரியார் சம்மதித்துவிட்டார், முப்பது பேருக்கு அழைப்புப் போய்விட்டது, உலர்பழக் கேக்கும் வெந்துவிட்டது. குழந்தைக்கு என்ன பெயர் என்பதுதான் முடிவாகவில்லை. டாம்சின் ஒரு பெயரில் நிற்கிறாள், அவள் கணவன் இன்னொன்றில் நிற்கிறான்.

நிபந்தனை ஒன்று இருந்தது. அதைக் காப்பவள் வெரிட்டி. அருங்காட்சியகப் பொறுப்பாளர், வயது முப்பத்துநாலு, பருத்திக் கையுறை இல்லாமல் கதவைக்கூடத் தொடமாட்டாள். மணிக்குள் பெயர் உள்ளவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகளுக்கு மட்டும்தான் இந்த மணி. இல்லையென்றால் ஊரிலுள்ள விழா ஏற்பாட்டாளர்கள் எல்லாரும் வரிசையில் நின்றுவிடுவார்கள்.

"பேர மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கறேன், மிஸஸ் பட். ஃபைல்ல வெக்கத்தான்," என்றாள் வெரிட்டி.

பதிவேடு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, தலைநகர்ப்பக்கம் ஓர் ஆவணக் கிடங்கில். பதில் வர ஆறு வாரம். சான்றிதழ்? ஹேசலின் அம்மா வீடு மாறியபோது ஈரத்தில் கூழாகிவிட்டது. கதைக்கு வசதியாக இருக்கிறதே என்று உங்களைப் போலவே நானும் சந்தேகப்பட்டேன். ஆனால் இந்த ஊர் ஈரத்தை நீங்கள் அறியமாட்டீர்கள்.

4

மணியைக் கழற்றித் தாங்கியில் தலைகீழாக வைத்தோம். வெரிட்டி கைவிளக்கைப் பிடித்தாள். உள்ளே மேல் இரண்டு வரிசையில் பதினொரு பெயர்கள் பளிச்சென்று தெரிந்தன. விளிம்போரத்தில் ஒன்றுமில்லை. வழவழவென்று பொன்னாக மின்னியது.

"இங்கதான் இருந்துச்சு," என்றார் ஹேசல். விரலால் தொட்டுக் காட்டினார். வெரிட்டிகூட "கையுறை" என்று சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துத் துணியும் பாலீஷ் டப்பாவுமாக ஷைனர் வந்தார்.

ஷைனர் ரைட்டுக்கு** எழுபத்தொன்பது வயது. பழைய கடற்படைக்காரர், என்னைப் போலத் தொண்டர். இருபத்திரண்டு வருடமாக ஒவ்வொரு செவ்வாயும் இந்த மணியைத் துலக்குகிறார். (நான் சொன்ன பொய்யின் இருபத்திரண்டு இங்கிருந்துதான் வந்தது.) வெளியே மட்டுமல்ல, உள்ளேயும். "வெளிய மட்டும் தொடைக்கிறவன், மொகத்த மட்டும் கழுவுறவன்" என்பது அவர் கொள்கை.

வெரிட்டி விஷயத்தைச் சொன்னாள். ஷைனர் குனிந்து விளிம்பைப் பார்த்தார். மணியை ஆட்டாமல் பிடிக்க அவருடைய இடது கட்டைவிரல் எப்போதும் பதியும் இடம் அது.

"அங்க ஏதோ கீறல் இருந்துச்சு," என்றார் மெதுவாக. "நான் வந்த புதுசுல. அத எடுக்க மூணு வருஷம் ஆச்சு எனக்கு. எடுத்துட்டேன்னு எல்லாருக்கும் பீர் வாங்கிக் குடுத்தேன்."

நிமிர்ந்து ஹேசலைப் பார்த்தார்.

"அந்தக் கீறல் நீங்களா, அம்மணி?"

 ** கடற்படையில் ரைட் என்று குடும்பப்பெயர் இருந்தால் அவர் ஷைனர்தான். மினுக்குகிறவர். வழிவழியாக வரும் பட்டப்பெயர், அவர் வேண்டிப் பெற்றதில்லை. நான் வைத்ததும் இல்லை. கதையில் இப்படி ஒரு பெயர் வைத்தால் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் அடித்துவிடுவார். எனக்கே கூச்சமாக இருக்கிறது. என்ன செய்ய, அவர் அப்பா ரைட்.

5

இங்கே நான் எழுத்தாளனாக நடந்துகொண்டேன். அதாவது கேவலமாக.

ஷைனர் குற்ற உணர்வில் உட்கார்ந்திருக்கிறார். நல்ல இடம். என் கை ஊறியது. வீட்டுக்குப் போய் இப்படி எழுதினேன்:

[ஷைனருக்கு ஒரே மகள். அவளும் டாம்சின் வயதில்தான் இருந்திருப்பாள். அவளுடைய பெயரை எந்த மணியிலும் செதுக்குவதற்கு முன்பே]

அதற்கு மேல் எழுதச் சரியாகத் தெரிந்திருக்கவேண்டுமே என்று அவரையே தொலைபேசியில் கேட்டேன்.

"எனக்கா?" என்றார். "நாலு பிள்ளைங்க, டாக். நாலும் உசுரோட இருக்குதுங்க. நாலும் தினம் போன் பண்ணி என் உசுர எடுக்குதுங்க. ஏன் கேக்கற?"

"சும்மா."

"எழுதறியா என்னப் பத்தி? அப்ப என்ன ஒசரமா எழுது."

ஷைனர் ரைட் ஆறடி உயரம். [ஐந்தடி நாலங்குலம்.]

(அவர் என்னை "டாக்" என்பார். மருந்தாளர் வேறு, மருத்துவர் வேறு என்று நூறு முறை சொல்லியாகிவிட்டது.)

துயரமாக எழுதினால்தான் இலக்கியம் என்று எனக்குள் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். இந்தக் கதை முழுக்க அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கிறான். இந்த மனிதர்களோ அவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூடக் கொடுக்கமாட்டேன் என்கிறார்கள்.

6

கப்பலுக்கே திரும்புவோம்.

"அறுபத்தாறு வருஷம்," என்றார் ஹேசல். "இவன் பொறந்ததிலேர்ந்து இவன்கிட்ட பீத்திட்டிருந்தேன். ஒரு துணிய வெச்சுத் தொடைச்சிட்டீங்களே, மிஸ்டர் ரைட்."

"என்னத் தண்ணில தள்ளுங்க," என்றார் ஷைனர். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

"ஆக," என்று கிளைவ் தொண்டையைச் செருமினார், "நாம ரெண்டு பேரும் இப்ப தெருமுனைதான். வா ஹேசல், டீ குடிக்கலாம்."

ஹேசல் சிரிக்கவில்லை. அவர் கண் நிறைந்துவிட்டது. வெரிட்டி கைவிளக்கை அணைத்துவிட்டு, "மன்னிச்சுக்கங்க, மிஸஸ் பட். எனக்கு நம்பிக்கை இருக்கு. ஆனா நம்பிக்கைய ஃபைல்ல வெக்க முடியாது," என்றாள். அவளும் பாவம். விதி அவள் போட்டதில்லை.

கிளைவ் அக்காவைப் பார்த்தார். பிறகு ஷைனர் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். அவர் முகத்தில் கேலி இல்லை. முதல்முறையாக அப்போதுதான் அப்படிப் பார்த்தேன்.

"மத்த பேரெல்லாம் எழுத்துக்குள்ள எவ்வளவு சுத்தமா இருக்கு. பாலீஷ் போட்டா பள்ளத்துல வெள்ளையா காஞ்சு நிக்குமே, எப்படி எடுக்கறீங்க?"

"பல்குத்தற குச்சி," என்றார் ஷைனர். அந்தத் துக்கத்திலும் கொஞ்சம் பெருமை. "ஒவ்வொரு எழுத்தா நோண்டி எடுப்பேன். ஒரு பொட்டு வெள்ளை இருக்காது."

"நோண்டாம விட்டா?"

"விட்டா அப்படியே தங்கிடும். கீறல் எவ்வளவு சின்னதா இருந்தாலும் காட்டிக் குடுத்து—"

நிறுத்திவிட்டார்.

[முதல் வரைவில் "நோண்டாம விட்டா?" என்ற கேள்வியை நானே கேட்டதாக எழுதியிருந்தேன். மருந்தாளன், பொடிகளைப் பற்றித் தெரிந்தவன், பொருத்தமாகவும் இருந்தது. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. கேட்டவர் கிளைவ். நான் அப்போது பலகையில் ஏறிய இரண்டு பேரை எண்ண மறந்து நின்றிருந்தேன்.]

7

ஷைனர் விளிம்பு முழுக்கப் பாலீஷைக் கெட்டியாகத் தடவினார். பொன்னாக இருந்த இடம் சேறு பூசியது போலாயிற்று.

"காய இருபது நிமிஷம்," என்றார். "அப்புறம் மேல மட்டும், காத்து பட்ட மாதிரி, ஒரே ஒரு தடவ. அழுத்தக் கூடாது. நோண்டக் கூடாது. அவ்வளவுதான்."

சொல்வதற்கு எளிது. வாழ்நாளில் பாலீஷ் போட்ட உலோகத்தைத் துடைக்காமல் விட்டவரில்லை அவர். இரண்டாவது நிமிடமே கை துணியோடு மணிப்பக்கம் போனது. "ஷைனர்!" என்று நான்கு பேரும் கத்தினோம். ஐந்தாவது நிமிடம் மறுபடி. கடைசியில் ஹேசல்தான் வழி கண்டுபிடித்தார். தேநீர்க் கோப்பை ஒன்றை அவர் வலக்கையிலும் இன்னொன்றை இடக்கையிலும் கொடுத்து, தளத்துப் பெட்டிமேல் உட்காரவைத்தார்.

"ரெண்டு டீயா எனக்கு?"

"குடிங்க. கைய மட்டும் காலி பண்ணாதீங்க."

அவர் இரண்டு கோப்பையோடு உட்கார்ந்து அந்த வெள்ளைச் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பச்சைப்பிள்ளை மூக்கு ஒழுகி நிற்க, துடைக்க விடாமல் பிடித்துவைத்த தாயின் முகம்.

நேரம் போகவேண்டுமே என்று ஹேசல் என் பக்கம் திரும்பினார். "நீங்க எந்தக் கப்பல்ல இருந்தீங்க?"

"இவரா?" என்றார் ஷைனர். "குளிக்கிற தொட்டியிலயே தல சுத்தும் இவருக்கு."

ஹேசல் என்னைப் பார்த்தார். நான் எண்ணிக்கைக் கருவியைப் பார்த்தேன்.

"பரவாயில்ல," என்றார். "இன்னிக்கு எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு அழிஞ்சு போகுது."

இருபது நிமிடம். ஷைனர் எழுந்தார். கோப்பைகளை வாங்கிக்கொண்டோம். துணியை விரலில் சுற்றாமல், நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டு, விளிம்பின் மேல் ஒரே ஒரு முறை ஓட்டினார். உடனே துணியைத் தன் பைக்குள் திணித்து, கையையும் உள்ளேயே வைத்துக்கொண்டார். வெரிட்டி விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். கிளைவ் முழங்காலிட்டு மணிக்குள் தலையை விட்டார்.

8

இந்த இடத்தில் நிறுத்தி உங்களுக்கு மாற்று முடிவுகளைத் தரவேண்டும். இந்த வகைக் கதையில் அதுதான் முறை.

முடிவு ஒன்று: உள்ளே ஒன்றுமே இல்லை. ஹேசல் படகேறி அக்கரை போகிறார். சிவப்புக் கோட்டு சிறியதாகி, சிறியதாகி — [எனக்குள் இருக்கும் அவனுக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. விருதுகூடக் கிடைக்கலாம்.]

முடிவு இரண்டு: வேறு ஒருத்தியின் பெயர் தெரிகிறது. அப்பாவுக்கு வேறு ஒரு — [சீ. அந்த மனிதர் ஒழுங்காகச் சமைத்துக்கொண்டிருந்தவர்.]

முடிவு மூன்று: வெள்ளை உடுப்பில் ஒரு பெரிய அதிகாரி வந்து, "விதியைத் தளர்த்துகிறேன்" என்று — [அப்படி ஒருவர் இந்தக் கப்பலுக்கு வந்ததே இல்லை. வந்தாலும் கழிப்பறைதான் கேட்பார்.]

நடந்தது இது.

கிளைவ் மணிக்குள்ளிருந்து தலையை எடுக்கவில்லை. நீண்ட நேரம்.

"என்னடா?" என்றார் ஹேசல். "டேய், என்ன தெரியுது?"

"ஒண்ணுமில்ல." வெண்கலத்துக்குள்ளிருந்து அந்தக் குரல் சுற்றிச் சுற்றி வந்தது. "யாரோ ஒருத்தி. மொதல் எழுத்து பாதிதான். கடைசி மூணு நல்லாருக்கு. கீழ அம்பத்தொம்பது. எழுத்தெல்லாம் கோணல். பல்லு மாதிரியே இருக்கு, உன் பல்லு மாதிரி. நீதான்."

ஹேசல் தம்பியை மணிக்குள்ளிருந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டுவிட்டுத் தானே தலையை விட்டார். உள்ளிருந்து ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பில் மணி ரீங்கரித்தது, அடிக்காமலே. ஷைனர் பைக்குள்ளிருந்து கையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், பாலீஷ் துணியால். நாள் முழுக்க அவர் கன்னம் பளபளத்தது.

வெரிட்டி படம் எடுத்தாள். ஃபைலுக்கு ஒன்று போதும், மூன்று எடுத்தாள்.

"ஏண்டா அந்தக் கேள்வியக் கேட்ட?" என்று பிறகு தேநீர்க்கடையில் ஹேசல் தம்பியைக் கேட்டது என் காதில் விழுந்தது. "பேசாம இருந்திருந்தா நீதான ஜெயிச்சிருப்ப."

கிளைவ் பன்றிக்கறி ரொட்டியை மென்று விழுங்கினார். "நீ போர்க்கப்பல் இல்லேன்னா நான் யாரக் கேலி பண்றது? இந்த வயசுல புதுசா ஆள் தேடச் சொல்றியா?"

9

ஞாயிற்றுக்கிழமை முப்பத்தாறு பேர் வந்தார்கள். எண்ணியவன் நான், கணக்கில் பிழை இருக்காது. முப்பத்தாறில் ஒருத்தி கைக்குழந்தை, அவளுக்கும் ஓர் அழுத்து.

பெயர் அப்போதும் முடிவாகவில்லை. டாம்சினும் அவள் கணவனும் ஏறுபலகையிலேயே சண்டை போட்டுக்கொண்டு ஏறினார்கள். தலைகீழ் மணியில் தண்ணீர் ஊற்றினார்கள். விளிம்போரத்தில் ஹேசலின் பெயர் வெள்ளையாக, பாதி எழுத்தோடு, தண்ணீருக்கு மேலே நின்றது. மற்ற இடமெல்லாம் இருபத்திரண்டு வருடத் துலக்கல். மணிமேல் குனித்துப் பிடித்த குழந்தை தண்ணீருக்கு அடியில் பொன்னான ஒரு முகத்தைப் பார்த்துவிட்டுக் கெக்கெக்கே என்று சிரித்தது. பாதிரியார் நிறுத்திவிட்டு அதைச் சிரிக்க விட்டார். உள்ளே துடைக்காமல் விட்டிருந்தால் அந்த முகம் அங்கே இருந்திருக்குமா? ஷைனரிடம் இதைச் சொன்னேன். "அதான் நான் சொல்லிட்டே இருக்கேன்," என்றார். ஐந்து நாள் தொங்கிக்கிடந்த தலை அப்போதுதான் நிமிர்ந்தது. ஆறடி இருந்தார்.

"இந்தக் குழந்தைக்குப் பெயரிடுங்கள்," என்றார் பாதிரியார்.

டாம்சின் கணவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். இருவரும் ஹேசலைப் பார்த்தார்கள். ஹேசல் கிளைவைப் பார்த்தார்.

ஒரு பெயர் சொல்லப்பட்டது. எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். ஒரு முறை உங்களுக்குத் துயரமான முடிவு தரப் பார்த்தேன், ஒரு முறை என்னையே நாயகனாக்கப் பார்த்தேன். என் கையில் கொடுக்கக்கூடிய விஷயமில்லை இது.

பழைய பெயரை மறுபடி ஆழமாக வெட்டக் கூடாது என்று வெரிட்டி சொல்லிவிட்டாள். அது வரலாறு, தொடக் கூடாது. புதுப் பெயருக்கு மட்டும் அனுமதி. செதுக்குகிறவர் வரும் திங்கள் வருகிறார். மணியின் உட்புறத்தை இனித் துலக்குவதில்லை என்று ஷைனரிடம் எழுதி வாங்கியிருக்கிறாள். கையெழுத்துப் போட்டுவிட்டார். போட்டபோது இன்னொரு கை பைக்குள் இருந்ததை நான் பார்த்தேன்.

ஹேசலின் பெயருக்குப் பக்கத்தில், விளிம்போரத்தில், ஒரு விரல் நீளத்துக்கு இடம் இருக்கிறது. அதே அளவு இடத்தை இங்கேயும் விட்டிருக்கிறேன். சிரித்த குழந்தை, ஐந்து மாதம், பெண். என்ன பெயரென்று நீங்களே எழுதுங்கள்.

[                              ]

கொஞ்சம் ஆழமாகவே எழுதுங்கள். செவ்வாய்க்கிழமை ஷைனர் வருவார்.